மாங்காய் குடோனில் ஒரு காடாத் துணி

மோகனப்ரியா மத்தூருக்குக் குடிவந்த அன்று, அவள் சாமான்களை ஏற்றி வந்த ஆட்டோ பாதிக்கு மேல் காலியாக இருந்தது. ஒரு பாய், தலையணை, ஒற்றை அடுப்பு, கைக்கடங்கிய பாத்திரங்கள், துணிப்பை ஒன்று. அப்புறம் ஆளுயரத்துக்குச் சுருட்டிக் கட்டிய வெள்ளைக் காடாத் துணி. மாடி அறையின் சாவியைக் கொடுக்க வந்த வீட்டுக்காரம்மா சரசம்மா, பின்னால் இன்னொரு வண்டி வரும் என்று தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மிச்சமெல்லாம் எப்ப வருது பாப்பா?"

"அவ்வளவுதான்க்கா."

"அவ்ளோதானா?" சரசம்மா ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "சரி வுடு. ஒண்ணொண்ணா சேர்த்துக்கலாம்" என்றாள்.

முப்பது வயதைத் தாண்டிய பெண், தனியாக வந்திருக்கிறாள், கையில் ஒன்றும் இல்லை. எதையோ விட்டுவிட்டு ஓடி வந்தவள் என்று சரசம்மா முடிவு கட்டிக்கொண்டாள். அது முழுக்கத் தப்பும் இல்லை.

அந்த அறையைப் பிடிப்பதற்கு முன்னால் மோகனப்ரியா ஊருக்குள் பல வீடுகள் பார்த்துவிட்டாள். எல்லாவற்றிலும் சுவரில் ஷெல்ப் இருந்தது, ஷோகேஸ் இருந்தது, பூ போட்ட டைல்ஸ் இருந்தது. "இதெல்லாம் வசதிதானம்மா, வேணாங்கறியே" என்று புரோக்கர் சலித்துக்கொண்டார். சரசம்மா வீட்டு மாடியறை மட்டும் வெறும் நாலு சுவர். சுண்ணாம்பு அடித்தது. வடக்குப் பக்கம் ஒரு ஜன்னல், அதற்கு எதிரே முழுதாக ஒரு வெற்றுச் சுவர். பார்த்த உடனேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டாள்.

அவளுக்கு வேலை போச்சம்பள்ளி சிப்காட்டில், வண்டிகளுக்கு வயர்க் கட்டு தயாரிக்கிற ஒரு கம்பெனியில். மத்தூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கம்பெனி பஸ் ஏறிப் போவாள். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வயர்கள் சடைசடையாகப் பலகைமேல் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றும் சரியான இடத்தில் சொருகியிருக்கிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். ஷிப்ட் முடிந்து வந்தால் கண்ணை மூடினாலும் வயர்கள் ஓடும். அப்போது அந்த வெள்ளைச் சுவருக்கு எதிரே பாயைப் போட்டு உட்காருவாள். கொஞ்ச நேரத்தில் வயர்கள் ஒவ்வொன்றாகக் கண்ணைவிட்டுப் போய்விடும். அதற்குப் பிறகுதான் ஊசியைக் கையில் எடுப்பாள்.

அவள் செய்வது இதுதான். காடாத் துணியைச் சுவரில் தொங்கவிட்டு, ஊசி முனையால் ஒரு குறுக்கு நூலைக் கிளப்பி, அறுந்துவிடாமல் மெல்ல மெல்ல முழு அகலத்துக்கும் உருவி எடுப்பாள். பிறகு அதற்கடுத்த நூல். அப்படிக் கொஞ்சம் நூல்களை எடுத்ததும் அந்த இடத்தில் நெடுக்கு நூல்கள் மட்டும் நிற்கும். துணிக்குள் ஒரு பட்டை விழுந்து, அதன் வழியே வெளிச்சம் வந்து போகும். அப்புறம் வெகுதூரம் விட்டு இன்னொரு பட்டை. வர்ணம் கிடையாது, உருவம் கிடையாது. தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் துணி. கொஞ்ச நேரம் நின்று பார்த்தால்தான் அது மூச்சு விடுவதுபோலத் தெரியும். பக்கத்தில் ஒரு காலண்டர் மாட்டினால் போதும், அந்தத் துணி செத்துப்போகும். அதனால்தான் அவளுக்கு ஒன்றுமில்லாத இடம் வேண்டியிருந்தது.

அந்த ஆசை சின்ன வயதிலேயே தொடங்கியது. அருப்புக்கோட்டையில் அவள் பிறந்த வீட்டில் பெரிய அறை தறிகளுக்குச் சொந்தம். மனிதர்களுக்கு மிச்ச இடம். சுவர் என்று ஒன்று கண்ணில் பட்டதே இல்லை. சாமி படம், காலண்டர், ஆணியில் தொங்கும் சட்டைகள், அண்ணன் வாங்கிய கேடயம். கும்பகோணத்துக்கு ஓவியம் படிக்கப் போனபோது, விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்குக் கிளம்பிய பிறகு ஒருநாள் வகுப்பு ஹாலுக்குள் போனாள். பலகைகளை எல்லாம் வெளியே எடுத்துக் கழுவி வைத்திருந்தார்கள். ஹால் காலி. உள்ளே போனவளுக்கு வெளியே வரத் தோன்றவில்லை. வாட்ச்மேன் வந்து பூட்டுகிறேன் என்றபோது அழுகை வந்துவிட்டது.

அங்கேதான் ராஜேஷ்குமார் பழக்கமானான். போடிநாயக்கனூர்ப் பையன். அவளுக்கு ஒரு வருடம் சீனியர். அவன் இரும்புத் தகட்டில் வேலை செய்தான். ஒரு தகட்டை எடுத்துக்கொண்டு நாள்கணக்கில் அதைச் சுற்றிச் சுற்றி வருவான். பிறகு ஒரே ஒரு மடிப்பு. அதைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டால் வேலை முடிந்தது. "ஒண்ணுமே பண்ணாம மார்க் வாங்குற ரெண்டு பேர்" என்று மற்றவர்கள் அவர்களைக் கேலி செய்வார்கள். இரண்டு பேரும் சிரித்துக்கொள்வார்கள்.

இரண்டு பேருக்கும் படிப்பு முடிந்ததும் ஓசூருக்கு வந்தார்கள். அங்கே போனால் எப்படியும் வேலை கிடைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். கிடைத்தது. அவனுக்குத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில், அவளுக்கு ஒரு நர்சரி பள்ளியில் டிராயிங் டீச்சராக. பாகலூர் ரோட்டில் ஒரு டயர் குடோனுக்கு மேலே பெரிய ஹால் ஒன்று வாடகைக்கு வந்தது. கீழேயிருந்து ரப்பர் நாற்றம் ஏறும் என்பதால் யாரும் வரவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து சுண்ணாம்பு அடித்தார்கள். அவன் அங்கேயே தங்கினான். அவள் லேடீஸ் ஹாஸ்டலில் இருந்துகொண்டு சாயந்திரம் வருவாள். ஒரு சுவரில் அவள் துணி. எதிர்ச் சுவரில் அவன் தகடு. நடுவே வெறும் தரை. மேற்கு ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வந்து தகட்டின் மடிப்பில் ஏறி இறங்கி, கடைசியில் துணியின்மேல் போய் நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டு டீ குடிப்பார்கள். பேச்சு குறைவு. காதல் என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லாமலே அது நடந்துகொண்டிருக்கிறது என்று அவள் நினைத்தாள்.

பிரஸ் ஷாப்பில் கூட இருந்தவன் ஒருத்தன், காதுகுத்துக்கு ஒரு பேனர் டிசைன் செய்து தரச் சொன்னான். ராஜேஷ் செய்து கொடுத்தான். நன்றாக இருக்கிறது என்று இன்னொருத்தன் வந்தான். அப்புறம் தேர்தல் வந்தது. அதற்கப்புறம் ஒரு பழைய பிரிண்டிங் மெஷின் விலைக்கு வந்தது.

"வேற எடம் கிடைக்கிற வரைக்கும் இங்க வச்சுக்கிடுறேன் ப்ரியா. கொஞ்ச நாளுதான்."

மெஷின் வந்தது. பின்னாலேயே பிளெக்ஸ் ரோல்கள் வந்தன. தகடுகள் மெஷினுக்குப் பின்னால் போயின. மையின் நெடி ஏறுகிறது என்று அவளே துணியைக் கழற்றிச் சுருட்டி வைத்தாள். ஒருநாள் சாயந்திரம் வந்து பார்த்தபோது, துணி தொங்கிய சுவரில் ரோஜாப் பூக்களுக்கு நடுவே ஒரு மஞ்சள் நீராட்டுப் பெண்ணின் முகம் கூரை வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தது. காய்வதற்காக மாட்டியிருந்தான்.

அன்றைக்குத்தான் அவன் அதைச் சொன்னான். "நாம கல்யாணம் பண்ணிக்கலாம் ப்ரியா. நீ டிசைன் பாரு, நான் பிரிண்டிங்கைப் பார்த்துக்கிடுறேன்."

முதல் வாக்கியத்துக்காக அவள் எத்தனையோ நாள் காத்திருந்தவள். இரண்டாவது வாக்கியம் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"அப்ப ஹாலு?" என்று கேட்டாள்.

"எந்த ஹாலு?" என்றான் அவன்.

அவன் வேண்டுமென்று சொல்லவில்லை. நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை. அதுதான் அவளைக் கிளப்பியது. ஊரில் அவனுக்குத் தங்கை கல்யாணம் நின்றிருந்தது, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, அவன் செய்தது நியாயம்தான் என்று தனக்குத்தானே எத்தனை முறை சொல்லிக்கொண்டாலும் அந்த ஹாலுக்குப் படியேற அவளுக்குக் கால் வரவில்லை. அருப்புக்கோட்டைக்கே திரும்பிப் போய், தறிச் சத்தத்துக்கு நடுவே ஐந்தாறு வருடம் ஓட்டினாள். பிறகு போச்சம்பள்ளி கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, துணியைச் சுருட்டிக்கொண்டு மத்தூருக்கு வந்துவிட்டாள்.

வந்த பிறகும் விட்டபாடில்லை. கம்பெனி பஸ் போகிற வழியெல்லாம் பேனர்கள். திருமணம், திருவிழா, கண்ணீர் அஞ்சலி, மாங்கன்று விற்பனை. ஒவ்வொன்றின் அடியிலும் ஓரமாகப் பொடி எழுத்தில் அச்சடித்தவர் பெயர் இருக்கும். கிருஷ்ணகிரிப் பக்கம்கூடப் பாதி பேனர்களில் 'ராஜேஷ் டிஜிட்டல்ஸ், ஓசூர்' என்று போட்டு ஒரு செல் நம்பர் இருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் பேனரில் இருக்கிற முகத்தைப் பார்ப்பார்கள். மோகனப்ரியாவின் கண் நேராகக் கீழ் மூலைக்குப் போகும். அந்தப் பெயர் இருந்தால் ஒரு மாதிரி இருக்கும். இல்லாவிட்டால் வேறு மாதிரி இருக்கும்.

இதற்கிடையில் சரசம்மா தன் வேலையைத் தொடங்கிவிட்டாள். முதலில் ஒரு பிளாஸ்டிக் சேர் மேலே வந்தது. "கீழ சும்மாதான் கெடக்குது, உக்காரு." அடுத்து ஒரு ஸ்டூல். ஒருநாள் வேலைவிட்டு வந்தபோது அறையில் புத்தம்புதுக் கட்டில் ஒன்று கிடந்தது, மெத்தைமேல் பாலித்தீன் கவர்கூடப் பிரிக்காமல். "வெறுந்தரையில படுத்தா முதுகு என்னாத்துக்கு ஆவும்?" என்றாள் சரசம்மா. பிறகு கண்ணாடி வைத்த டிரஸ்ஸிங் டேபிள். கடைசியாக, அவள் வீட்டுக்காரர் ராமப்பனும் இன்னும் இரண்டு பேரும் மூச்சு வாங்கப் படியேற்றிக் கொண்டுவந்த இரும்பு பீரோ. அது அந்த வெற்றுச் சுவருக்கு நட்டநடுவே வந்து நின்றது.

வேண்டாம் என்று சொல்ல ஒவ்வொரு முறையும் வாயெடுப்பாள். சரசம்மாவின் முகத்தைப் பார்த்ததும் வார்த்தை உள்ளேயே நின்றுவிடும். அவ்வளவு சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு வருகிறவளிடம் என்ன சொல்வது? துணி கட்டிலுக்கடியில் போய்விட்டது. அவள் உள்ளே வந்ததும் டிரஸ்ஸிங் டேபிள் கண்ணாடியில் தன் களைத்த முகத்தைத்தான் முதலில் பார்த்தாள்.

அந்தச் சமயத்தில் பூங்கொடி போன் செய்தாள். கும்பகோணத்தில் கூடப் படித்தவள். பெங்களூரில் ஒரு பழைய வீட்டை எடுத்து அதில் சின்னதாகக் கண்காட்சிகள் நடத்திக்கொண்டிருந்தாள். "கோடைக்கு உன் துணி ஒண்ணு வேணும் ப்ரியா. ஒண்ணே ஒண்ணுதான். கூரையிலேர்ந்து தரை வரைக்கும். அந்த ரூமில வேற எதுவும் வைக்கப் போறதில்ல" என்றாள். போனை வைத்த பிறகு மோகனப்ரியா பீரோவைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். மறுநாள் கீழே போனாள். சரசம்மா புளி உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேட்பேன். தப்பா நினைக்கக் கூடாது."

"கேளு பாப்பா."

"பீரோ, கட்டில் எல்லாத்தையும் கீழ எடுத்துக்கிடுறீங்களா? எனக்குச் சுவரு வேணும்."

"செவுரா? செவுரு எங்க போச்சி? பீரோவுக்குப் பின்னாலதான இருக்குது."

மோகனப்ரியா துணியின் ஒரு முனையை விரித்துக் காட்டினாள். சரசம்மா கையைத் துடைத்துக்கொண்டு தொட்டுப் பார்த்தாள்.

"இருக்கற நூலை உருவிட்டு?"

"அவ்வளவுதான்க்கா."

"அதுல எதுனா பூ கீ போடுவியா?"

"இல்லக்கா. அப்படியே விட்டுருவேன்."

சரசம்மா மறுபடி புளியை எடுத்து உரித்தாள். பிறகு, "உனக்கும் அந்த சாமானெல்லாம் பாரமாத்தான் இருக்குதா?" என்று கேட்டாள்.

அந்த 'உனக்கும்' என்ற சொல் மோகனப்ரியாவைத் தூக்கிவாரிப் போட்டது. சரசம்மா புளியங்கொட்டைகளைத் தள்ளிக்கொண்டே சொன்னாள். "எம் பொண்ணு நிர்மலாவுக்கு வாங்கினது அதெல்லாம். பத்திரிகை அடிச்சி, சீரு வாங்கி வெச்ச பின்னால, மாலூர்ப் பையன் ஒருத்தனைக் கட்டிக்கினு பூட்டா. அவங்கப்பா அவ பேரையே எடுக்கக்கூடாதுன்னுட்டாரு. கீழ வெச்சா தெனமும் கண்ணுல படுது. மேல ஒரு பொண்ணு பொழங்கனா மனசு ஆறும்னு நெனச்சன்."

"இருக்கட்டும்க்கா. நான் எதோ தெரியாம..."

"இல்ல, எடுத்துக்கறன்."

மறுநாள் அவள் ஷிப்ட் முடிந்து வருவதற்குள் அறை காலியாகிவிட்டது. பிளாஸ்டிக் சேர்கூட இல்லை. அன்றிலிருந்து சரசம்மா அவளிடம் சரியாகப் பேசவில்லை. கோபம் இல்லை. குழாயடியில் பார்த்தால் ஒதுங்கி வழிவிடுவாள். அதுதான் தாங்க முடியவில்லை. தான் கேட்ட சுவர் கிடைத்தும், அதற்கு முன்னால் உட்கார்ந்தால் கை ஓடவில்லை. பீரோ நின்ற இடத்தில் சுண்ணாம்பு உரசி ஒரு பெரிய சதுரம் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராமப்பன் படிக்கட்டின் அடியில் நின்று கூப்பிட்டார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. நாகரசம்பட்டியில் மாந்தோப்பும், தோப்பையொட்டி மாங்காய் குடோனும் அவருக்கு இருந்தன. கையில் சாவியை வைத்துக்கொண்டு நின்றார்.

"அவ சொன்னா. எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஆனா எடந்தான் வேணும்னா, அங்க போம்மா. பங்குனி வரைக்கும் சும்மாதான் கெடக்கும். காய் எறங்கனா வியாபாரிக்கு வுடணும், அப்ப குடுத்துடு."

குடோனின் ஷட்டரைத் தூக்கியதும் மோகனப்ரியா வாசலிலேயே நின்றுவிட்டாள். நீண்ட ஹால். சிமெண்ட் தரை. தகரக் கூரையில் நடுநடுவே வெளிச்சத்துக்காகக் கண்ணாடி ஷீட் போட்டிருந்தார்கள். எந்தப் பக்கமும் நிழல் அழுத்தமாக விழாமல் பாலைக் கரைத்ததுபோல ஒரு வெளிச்சம் ஹால் முழுக்க நின்றது. மூலையில் கொஞ்சம் வைக்கோல். வேறு எதுவும் இல்லை.

லீவு நாட்களில் டவுன் பஸ் பிடித்து வருவாள். கொக்கியில் கட்டையைக் கட்டி, புதுத் துணியைக் கூரையிலிருந்து தரைவரைக்கும் தொங்கவிட்டாள். ஏணியில் ஏறி மேலேயிருந்து தொடங்கினாள். சில நாள் ஒரு நூல்கூட எடுக்காமல் பார்த்துவிட்டு மட்டும் போவாள். எங்கே எடுக்கக்கூடாது என்பது தெரிந்தால்தான் எங்கே எடுப்பது என்பது தெரியும். ஐப்பசி மழை கூரையில் அடித்தபோது உள்ளே இருந்தாள். மார்கழிக் குளிரில் விரல் விறைத்து நூல் அறுந்தபோது கைகளை அக்குளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வேண்டிய இடம் கிடைத்துவிட்டது. ஏக்கம் மட்டும் தீரவில்லை. கூடிவிட்டது என்றே சொல்ல வேண்டும். அறையில் கட்டிலும் பீரோவும் இருந்தபோது, இவை போனால் சரியாகிவிடும் என்று நினைக்க முடிந்தது. இப்போது போவதற்கு ஒன்றுமில்லை. துணிக்கு எதிர்ச் சுவர் வெறுமையாக இருந்தது. அங்கே ஒரு தகடு சாய்ந்திருக்க வேண்டும். வெயில் அதன் மடிப்பில் ஏறி இறங்கித் துணிக்கு வர வேண்டும். டீ குடிக்கும்போது அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காரப் பழகினாள்.

பொங்கல் கழிந்து ஒரு மத்தியானம் சரசம்மா தூக்குச் சட்டியோடு வந்தாள். களியும் கீரையும். உள்ளே வந்து கூரையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், கடைசியில் துணிக்கு எதிரே காலை நீட்டி உட்கார்ந்தாள். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

"வெளிச்சம் வருது அதுல" என்றாள் சரசம்மா கொஞ்ச நேரம் கழித்து.

"ஆமாக்கா."

"ஒண்ணு நான் உருவட்டா?"

மோகனப்ரியா ஊசியைக் கொடுத்தாள். சரசம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். கொஞ்ச தூரம் வந்ததும் நூல் அறுந்துவிட்டது. "ஐயய்யோ, கெடுத்துட்டனா?" என்று பதறியவள், மோகனப்ரியா சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்தாள். பல வாரங்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது.

போகும்போது ஷட்டருக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள். "அந்த சாமானெல்லாம் நிர்மலா வூட்டுக்கு அனுப்பறன்."

"அண்ணனுக்குத் தெரியாமயாக்கா?"

"மினி லாரியே அவருதான் பேசி வெச்சிக்கீறாரு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு கெடக்கறாரு. நானும் கேக்கல."

மாசி மாதக் கடைசியில் துணி முடிந்தது. முடிந்தது என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. யாரிடம் காட்டுவது? பூங்கொடி பார்ப்பாள், சரசம்மா பார்த்துவிட்டாள். ஆனால் அவள் மனம் கேட்டது வேறு ஒரு கண்ணை. அந்த நம்பரைத் தேட வேண்டியதே இல்லை. எத்தனை பேனர்களில் படித்திருக்கிறாள்!

"ராஜேஷ் டிஜிட்டல்ஸ், சொல்லுங்க." பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"நான் ப்ரியா."

கதவு சாத்துகிற ஓசை. மெஷின் சத்தம் நின்றது.

"ப்ரியா... எங்க இருக்க?"

"மத்தூர்ல."

"இவ்வளவு பக்கத்திலயா இருந்த!"

"ஒரு துணி முடிச்சிருக்கேன். வந்து பார்க்குறியா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வந்தான். முன்மண்டையில் முடி குறைந்திருந்தது. நகக்கண்ணில் நீல மை. யாரும் சொல்லாமலே ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தான். துணியைப் பார்த்ததும் நடை நின்றது. அப்படியே பின்னால் நகர்ந்து நகர்ந்து போய், எதிர்ச் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவள் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். டீ ஆறிப்போயிற்று. அவன் கண்ணை எடுக்கவில்லை.

"நடுவுல இருக்கிற பட்டையைக் கொஞ்சம் கீழ எறக்கிட்ட, இல்ல?" என்றான். "முதல்ல மேலதான நினைச்சிருப்ப?"

"ஆமா. மேல இருந்தா துணி அதுலயே நின்னுரும்போல இருந்துச்சு. கீழ வரவே மாட்டேன்னுச்சு."

"ம். இப்ப வருது."

இத்தனை வருடங்களில் யாரும் அவளிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. பேச்சு வேறு எங்காவது போகட்டும் என்று, "உன் தகடெல்லாம் எங்க?" என்று கேட்டாள்.

அவன் டீயைப் பார்த்தான். "எடைக்குப் போட்டுட்டேன். ரெண்டாவது மெஷின் வந்தப்ப எடம் இல்ல."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்." டீயைத் தரையில் வைத்தான். "போன வருஷம் ஒரு நாளு, சும்மா ஒரு தகடு வாங்கிட்டு வந்தேன் ப்ரியா. எங்க மடிக்கிறதுன்னு அதையே பார்த்துட்டு இருந்தேன். ஒண்ணும் தெரியல. முன்னெல்லாம் தெரியும்ல? அப்புறம் கடைப் பேரை எழுதி வாசல்ல மாட்டிட்டேன்."

அவள் ஆறிய டீயைக் கொட்டிவிட்டு வேறு ஊற்றினாள். அவன் மனைவியைப் பற்றிச் சொன்னான், மகளை இந்த ஆனியில் பள்ளியில் சேர்க்கப் போவதைச் சொன்னான். சொல்லும்போது முகம் மலர்ந்தது. அவன் சந்தோஷமாகத்தான் இருக்கிறான் என்று அவளுக்குப் பட்டது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு இடத்தில் மட்டும் நூல் இல்லை. அதை அவன் இவளிடம்தான் காட்ட முடியும்.

போன் அடித்தது. "ஆங், சொல்லுங்கண்ணே... அடடா, எப்ப? சரி, போட்டோவை வாட்ஸப்ல அனுப்புங்க. பிறந்த தேதியும் அனுப்புங்க. சாயந்திரத்துக்குள்ள குடுத்துடுறேன்." எழுந்துகொண்டான். "கண்ணீர் அஞ்சலி பேனரு. போகணும்."

போவதற்கு முன்னால் துணியைப் படமெடுக்கப் போனைத் தூக்கினான். திரையில் வெள்ளைச் சுவரில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அங்குமிங்கும் நகர்ந்து பார்த்தான்.

"இதுல விழ மாட்டேங்குது."

"விழாது" என்றாள்.

அவன் போனை உள்ளே வைத்துக்கொண்டு, துணியை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினான். பைக் சத்தம் தோப்பைத் தாண்டிப் போகிறவரை மோகனப்ரியா ஷட்டர் பக்கத்தில் நின்றாள். பிறகு உள்ளே போய், அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தாள். அதுவரை அந்தச் சுவரிலிருந்து அவள் துணியைப் பார்த்ததே இல்லை. வெயில் சாய்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவேண்டும் என்றால் அழுதிருக்கலாம், யாரும் இல்லை. அழுகை வரவில்லை. அவன் மறுபடியும் இங்கே வரமாட்டான் என்பது தெளிவாகத் தெரிந்தது. வந்தாலும் அந்த ஹால் வராது.

பெங்களூரில் பூங்கொடி வீட்டில் துணி தொங்கியது. சொன்னபடியே அந்த அறையில் வேறு எதுவும் வைக்கவில்லை. வந்தவர்களில் சிலர் எட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் மாட்டவில்லை போலிருக்கிறது என்று அடுத்த அறைக்குப் போனார்கள். ஒரு அம்மாள் மட்டும் தன் கைப்பையைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு வெகுநேரம் நின்றார். கிளம்பும்போது கன்னடத்தில் ஏதோ சொன்னார். "வீட்டுக்குப் போக மனசே இல்லையாம்" என்று பூங்கொடி சொன்னாள். யாரும் வாங்கவில்லை. ஆடிவரைக்கும் இங்கேயே இருக்கட்டும் என்று பூங்கொடி வைத்துக்கொண்டாள்.

சித்திரையில் காய் இறங்கியது. குடோனில் கூரை எட்டும்படி மாங்காயைக் குவித்தார்கள். மினி லாரிகள் மாங்கூழ்த் தொழிற்சாலைகளுக்குப் போவதும் வருவதுமாக இருந்தன. கம்பெனியிலும் ஆர்டர் அதிகம் என்று ஓவர்டைம் போட்டார்கள். மோகனப்ரியா வயர்களோடே அந்தக் கோடையைக் கழித்தாள். மாடியறைச் சுவருக்குச் சுண்ணாம்பு வாங்கி அடிக்க வேண்டும் என்று நினைத்தாள். நேரம் அமையவில்லை.

ஆடியில் ராமப்பன் சாவியை மறுபடி கொண்டுவந்து கொடுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் போய் ஷட்டரைத் தூக்கினாள். மாங்காய் போய்விட்டது, வாசனை போகவில்லை. பழுத்ததும் அழுகியதுமாக இனிப்பும் புளிப்பும் கலந்து மூக்கில் ஏறியது. தரையில் மாங்காய்ப் பால் கறை பிசுபிசுத்தது. சுவரில் இடுப்புயரத்துக்கு மஞ்சளும் கறுப்புமாகக் காய்கள் உரசிய தடம். அவள் பெருக்கினாள். வைக்கோலை அள்ளி வெளியே கொட்டினாள். தோப்புக் கிணற்றிலிருந்து தண்ணீர் தூக்கி ஊற்றித் தேய்த்தாள். கறை கொஞ்சம் போயிற்று, கொஞ்சம் போகவில்லை.

துணி எடுத்து வரவில்லை. எந்தச் சுவரில் மாட்டுவது என்று யோசிக்கவும் இல்லை. ஈரத் தரை காய்கிறவரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். ஆடிக் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கத்து ஜன்னல் வழியாக வெளியேறியது. தோப்பில் யாரோ தெலுங்கில் யாரையோ கூப்பிட்டார்கள். காய்ந்ததும் உள்ளே போய் நடுத்தரையில் கைகளை நீட்டி மல்லாந்து படுத்தாள். கூரையின் கண்ணாடி ஷீட்டுகளில் மேகம் ஒன்று மெல்ல நகர்ந்து போவது தெரிந்தது. அது முழுதாகக் கடந்து போகட்டும், அப்புறம் எழுந்திருக்கலாம் என்று இருந்தாள்.